பாபநாசத்தில் உடைந்த ரெக்கார்டு

என் தங்கையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லித் தொடங்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை. அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை. பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்தே உண்டு. ஐம்பதைத் தாண்டியும் குறைந்தபாடில்லை. அவள் இங்கிலாந்தில் நர்ஸ். நான் பாபநாசத்தில் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் வீட்டு மாடி அவள் அனுப்பிய பணத்தில் எழும்பியது. தெருவில் யாராவது வழி கேட்டால், “இங்கிலாந்து நர்ஸம்மா வீடு” என்றுதான் கைகாட்டுகிறார்கள். இங்கிலாந்து நர்ஸம்மா அந்த வீட்டில் இருப்பது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று வாரம். மற்ற நாளெல்லாம் அதைக் கூட்டிப் பெருக்கித் துடைக்கிறவள் நான்.

நர்ஸிங் விண்ணப்பம் அப்பா இரண்டு பேருக்கும்தான் வாங்கிவந்தார். நானும் பூர்த்தி செய்தேன், கையெழுத்துகூட அழகாகப் போட்டேன். அந்த மாதம் அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும், மூத்தவள் நான். அவள் தஞ்சாவூருக்குப் படிக்கப் போனாள், பிறகு வளைகுடா, பிறகு இங்கிலாந்து. நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டு தபாலில் பட்டம் வாங்கினேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அவளுக்குச் சங்கீதம் வராது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் எழுந்து பாடும்போது பாட்டு ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். நான் எங்கள் லுத்தரன் சபையில் பதிமூன்று வயதிலிருந்து ஆர்மோனியம் வாசிக்கிறவள். ஆண்டவர் அவளுக்கு நிறத்தைக் கொடுத்தார், ராசியைக் கொடுத்தார், காதை எனக்குக் கொடுத்தார் என்று சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

அப்பா மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எதுவானாலும் எங்கள் குழாய்தான் கட்டப்படும். ரெக்கார்டு போய் கேசட் வந்துவிட்ட சமயம் அது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் தினமும் எழுதினார்கள். எங்கள் கடைத்தெருவுக்கு அது புதுப்புது கூல்டிரிங்ஸ் பாட்டிலாக வந்து சேர்ந்தது. அப்பா மட்டும் ரெக்கார்டு பிளேயரை விடவில்லை. கேசட் நாடா சிக்கிக்கொள்ளும், ரெக்கார்டு சிக்காது என்பார்.

அம்மா விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த வருஷம் சம்பா அறுப்பு முடிந்து சபையில் அறுப்பின் பண்டிகை நடந்தது. எங்கள் வழக்கப்படி ஆராதனைக்கு அவரவர் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். நெல் மூட்டை, வாழைத்தார், பூசணிக்காய், கட்டிப்போட்ட சேவல், யாராவது ஒருத்தர் தைத்த தலையணை உறை. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் மரத்தடியில் வைத்து ஏலம் விடுவார்கள். அந்தத் தடவை பூசணிக்காய்களுக்கு நடுவில் ஒரு பழுப்புக் காகிதக் கட்டு இருந்தது. சபை நடத்திய பெண்கள் விடுதியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சில மாதம் தங்கி இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். ஊருக்குப் போகும்போது விட்டுப்போன சாமான்களை விடுதி வார்டனம்மா காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். உள்ளே சின்ன ரெக்கார்டுகள், பக்கத்துக்கு ஒரு பாட்டு ஓடுகிற வகை.

சபை விடுதியிலிருந்து வந்ததென்றால் ஞானப்பாட்டாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஏலத்தில் அப்பாவுக்கு எதிராக யாரும் விலை கேட்கவில்லை. ஏலம் எடுத்த சந்தோஷத்தில், சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போதே அதில் ஒன்றை எடுத்துப் பிளேயரில் வைத்தார். இரண்டு குழாய்கள். ஒன்று கோயில் கூரையில், இன்னொன்று வயலைப் பார்த்து புளியமரத்தில்.

முதலில் ஒரு பேஸ் கிட்டார் மட்டும் தனியாக வந்தது. நாலே சுரம், திரும்பத் திரும்ப, யாரோ பிடிவாதமாகக் கதவைத் தட்டுவதுபோல. பிறகு டிரம்ஸ். பிறகு ஒரு பெண் குரல். அவள் பாடவில்லை, பாதி பேசினாள், பாதி சண்டை போட்டாள். நடுவில் திடீரென்று பாடினாள். அப்போதுதான் அவளுக்குப் பாடத் தெரியும் என்பதே தெரிந்தது. பந்தியில் சாம்பார் வாளி அப்படியே நின்றது. போதகர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். “என்ன பாட்டுங்கய்யா இது?” என்று யாரோ கேட்டதற்கு, “அவங்க நாட்டுத் துதிப்பாட்டா இருக்கும், பொறுமையா கேளுங்க” என்றார். கோயில்பிள்ளை, மணி அடிக்கிற பெரியவர், “பெந்தெகொஸ்தே ஆளுங்களா இருப்பாங்க” என்று காறித் துப்பினார்.

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிப்போய் பிளேயர் பக்கத்தில் நின்றேன். கை கழுவவில்லை. அந்த நாலு சுரத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று விரல்கள் பாவாடையில் அடித்துக்கொண்டிருந்தன. என் தங்கை அந்த நேரத்தில் என்ன செய்தாள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. ஆனால் அறுப்பின் பண்டிகையில் ஏலம் எடுத்ததை எறியக் கூடாது, ஆண்டவர் சந்நிதியில் வைத்த பொருள். ஆகவே ஞானப்பாட்டு என்று நம்பி வாங்கிய அந்தக் கட்டு எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அதில் மூன்று ரெக்கார்டு அதே குழுவினுடையது. மூன்று பெண்கள், ஒரு ஆண். உறையில் ஒரு மழைக்காலத் தெரு. மூன்றாவதில் இருந்த பாட்டுதான் எனக்கு உயிர். அம்மா விழுந்தபிறகு, அவளுக்குச் சூப்பு ஊட்டிவிட்டு, துணி அலசிவிட்டு, அவள் தூங்கும் மத்தியான வேளையில் கடையின் பின்னறைக்குப் போய்ச் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்பேன். எனக்குப் புரிந்த இங்கிலீஷில், அந்தப் பெண் வீட்டை விட்டுப் போகாதவள். போனவர்களையெல்லாம் பெயர் சொல்லாமல் ஒவ்வொருத்தராகத் திட்டுகிறாள். எனக்காகவே எழுதினாள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், அம்மாவின் சாவு. பாட்டெல்லாம் மறந்தே போயிற்று. அப்பாவும் போய், மைக்செட் கடையைக் காலி செய்தபோதுதான் பரணில் அந்தக் கட்டு கிடைத்தது. பிளேயருக்கு ஊசி வாங்கக் கும்பகோணம், தஞ்சாவூர் என்று அலைந்து கடைசியில் என் மகன் இணையத்தில் வரவழைத்தான். வைத்தேன். அந்த நாலு சுரம் வந்ததும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். பங்க் என்கிற கூச்சல் அடங்கியபின் வந்த அந்த வகைக்குப் போஸ்ட்-பங்க் என்று பெயராம். அதில் பெரிய பெரிய குழுக்களெல்லாம் உண்டு. எங்கள் குழு எங்கேயும் இல்லை. மூன்று ரெக்கார்டு போட்டுவிட்டுக் கலைந்துவிட்டார்கள், யாரும் வாங்கவில்லை. யாரோ ஒருவர் ஒரு மூலையில் இரண்டு வரி எழுதியிருந்தார், அவ்வளவுதான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. உலகம் முழுக்கத் தவறவிட்டதைப் பாபநாசத்தில் நான் பிடித்துவைத்திருக்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். உறைகளைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன்.

“இதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லக்கா” என்றாள். அந்த வார்த்தையைக் கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தால் போனில் ஒரு படம். என் தங்கை ஒரு டீக்கடை மாதிரி இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் நரைத்த முடியும் மழைக்கோட்டுமாக ஒரு அம்மா. அந்த அம்மாவின் கை என் தங்கையின் தோளில். கீழே எழுதியிருந்தாள்: “யாருனு சொல்லு பார்ப்போம்!”

யார் என்று சொல்லவா வேண்டும்? பாடகி, தங்கை வேலை பார்க்கும் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தானாம். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவளின் சித்தி வழியாகக் கண்டுபிடித்துவிட்டாளாம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், ரொம்ப எளிமையாம், என் தங்கைக்கு ஸ்வெட்டர் பின்னித் தருவதாகச் சொன்னாராம். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோளில் இருந்த கையைத்தான் பார்த்தேன். சுருதி என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிறவள் தோளில் அந்தக் கை! இரண்டு நாள் அவளுக்குப் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் “நல்லா இருக்கு” என்று போட்டேன்.

அது அத்தோடு நிற்கவில்லை. ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி அந்தப் பாட்டுகளை மறுபடி வெளியிட முன்வந்தது. கண்டுபிடித்துக் கொடுத்தவள் என் தங்கை என்று அவளைப் பேட்டி எடுத்தார்கள். வயலில் குழாய் கட்டிக் கேட்ட கதையை அவள் சொல்லியிருக்கிறாள், அதுவும் தான் ஓடிப்போய்ப் பிளேயர் பக்கத்தில் நின்றதுபோல. “நாங்க ரெண்டு பேரும்னுதான்க்கா சொன்னேன்” என்றாள். ரெண்டு பேரா? பாயசக் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னாளா?

பிறகு ஒருநாள் மத்தியானம் கூப்பிட்டாள்.

“அக்கா, அந்த மூணாவது ரெக்கார்டு உன்கிட்டதானே இருக்கு? மத்த ரெண்டுக்கும் டேப் கிடைச்சிருச்சு. இதுக்கு மட்டும் எங்கயும் இல்லையாம். அவங்ககிட்டயே இல்ல, வீடு மாறினப்போ தொலைஞ்சுபோச்சாம். பத்திரமா பார்சல் பண்ணி விடேன். ஒரு தடவ ஓட்டிப் பதிவு பண்ணிக்கிட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க. பாவம்க்கா, அவங்களுக்கு அத ஒரு தடவ கேட்கணும்னு ஆசை.”

ரெக்கார்டு என் கைக்கெட்டும் தூரத்தில் பீரோவில், என் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் இருந்தது. நிறம் அவளுக்கு, நாடு அவளுக்கு, மாடி அவளுக்கு, இப்போது அந்த அம்மாவும் அவளுக்கு. இது ஒன்று என்னுடையதாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. தோன்றியதும் வாய் சொல்லிவிட்டது.

“அது உடைஞ்சுபோச்சு.”

“என்னது? எப்போ?”

“நேத்துதான். பீரோவுலேர்ந்து எடுக்கும்போது கை தவறிடுச்சு. ரெண்டா போயிருச்சு.”

“சரிக்கா, பரவால்ல” என்றாள். “உன் கால்ல கீல்ல பட்டுடலியே?”

போனை வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பா காலத்துப் பழைய பெரிய ரெக்கார்டுகள் கீழே விழுந்தால் அப்பளம்தான். ஆனால் இந்தச் சின்ன ரெக்கார்டு பிளாஸ்டிக். வளையும், கீறும், வெயிலில் வைத்தால் நெளியும். கை தவறி விழுந்து இரண்டாகாது. மைக்செட்காரர் மகளாகப் பிறந்து இப்படியா ஒரு பொய் சொல்வேன்? அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்பதால், இதுவும் அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் அவள் என்று நினைத்துத் தப்பித்தேன். கொஞ்சம் ஏளனமாகக்கூட நினைத்தேன்.

போன தை மாதம் அவள் வந்தாள். பெட்டியில் எனக்கு ஒரு கைப்பை, பிள்ளைகளுக்குச் சாக்லேட், கூடவே அந்தக் குழுவின் பாட்டுகளோடு புதிதாக வெளியான ஒரு பெரிய ரெக்கார்டு. உள்ளே ஒரு சின்னப் புத்தகம். என் தங்கை பெயர் நன்றி சொல்லும் பகுதியில் முதலில் இருந்தது. என்னை ‘அவருடைய சகோதரி’ என்று போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், மூன்றாவது ரெக்கார்டின் பாட்டு ஏன் இதில் இல்லை என்று ஒரு பத்தி. தெரிந்த ஒரே பிரதி தென்னிந்தியாவில் காவிரிக் கரையில், நெல் விளையும் பாபநாசம் என்ற ஊரில் ஒரு வீட்டில் உடைந்துபோனது என்று எழுதியிருந்தது. நான் சொன்ன பொய் நல்ல காகிதத்தில், அழகான எழுத்தில் அச்சாகியிருந்தது.

அடுப்படிக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இத நீதான் சொன்னியா அவங்ககிட்ட?”

“ஆமாக்கா.”

“உடைஞ்சுதுன்னு நான் சொன்னத நம்புனியா?”

அவள் நிமிரவில்லை. “சின்ன ரெக்கார்டு கை தவறி விழுந்தா உடையுமாக்கா? நானும் அப்பாவுக்குத்தானே பொறந்தேன்.”

“அப்புறம் ஏன்டி அப்படி எழுதவிட்ட?”

“பின்ன என்ன சொல்லச் சொல்ற? எங்க அக்கா வச்சுக்கிட்டே தரமாட்டேங்குறான்னு வெளியாளுங்ககிட்ட சொல்லவா? எனக்கு வாய் வரல.”

கோபம் வந்தால் எனக்குக் கால்தான் முதலில் நகரும். மாடிக்குப் போய், பீரோவைத் திறந்து, ரெக்கார்டை எடுத்துவந்து வாழைப்பூ மடல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். “இந்தா. எடுத்துட்டுப் போ. எல்லாத்தையும்தான் எடுத்துட்டுப் போயிட்டியே, இதையும் எடுத்துட்டுப் போ.”

அவள் கையில் கறை. புடவையில் துடைத்துக்கொண்டாள், ஆனால் ரெக்கார்டைத் தொடவில்லை. உறையில் இருந்த அந்த மழைக்காலத் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வேணாம்க்கா. அச்சுல வந்துருச்சு. இப்போ இத எடுத்துட்டுப் போனா நீ பொய் சொன்னதா ஆயிரும். உடைஞ்சதாவே இருக்கட்டும். உள்ள வை.”

“அந்த அம்மா?”

“அவங்க என்ன பண்ணுவாங்க. அப்பப்போ கேட்பாங்க, ரெண்டு துண்டையும் ஒட்டவச்சு ஓட்ட முடியாதான்னு. முடியாதுங்கன்னு சொல்லிருக்கேன்.”

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குப் பதில் தயாராக இருந்தது, முப்பது வருஷமாகத் தயாராக இருந்தது. அவள் மறுபடி வாழைப்பூவை எடுத்துக்கொண்டாள். எனக்காக அந்த அம்மாவிடம் அவள் எத்தனை தடவை முடியாது என்று சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கம் முடிவதற்குள் பொறாமையும் வந்தது. பெருந்தன்மையும் இவளுக்கே போய்விட்டதே! எனக்கு என்று மிச்சமிருந்தது ஒரு பொய்யும் ஒரு ரெக்கார்டும்.

அவளை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிய மறுநாள் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். என் இங்கிலீஷில், என் கையெழுத்தில், அந்த அம்மாவின் பெயருக்கு. கம்பெனி விலாசம் புத்தகத்திலேயே இருந்தது. ரெக்கார்டு உடையவில்லை, பொய் சொன்னது நான், என் தங்கை என்னைக் காப்பாற்ற அதைச் சுமந்தாள் என்று முதல் வரியிலேயே எழுதினேன். அச்சில் போடுவதென்றால் போட்டுக்கொள்ளலாம் என்றும் எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை கேட்கவில்லை. அன்றைக்கு ஓடிப்போய்ப் பிளேயர் பக்கத்தில் நின்றவள் நான்தான், அவள் பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குச் சுருதி சேராது, நீங்களே பாடச் சொல்லிப் பாருங்கள் என்று ஒரு பத்தி சேர்த்தேன். திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்று எழுத நினைத்தேன். அதை மட்டும் எழுதவில்லை.

ரெக்கார்டைப் பார்சல் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓடவிட்டேன். போகாதவள் போனவர்களைத் திட்டும் அந்த இடம் வந்தது. அவள் குரல் அத்தனை கோபமாக இருந்தும் கடைசியில், எல்லோரும் போன வீட்டின் சாவி தன்னிடம் இருக்கிறது என்று மெதுவாகச் சொல்கிறாள். அதை நான் இத்தனை வருஷமும் பெருமையாகப் பாடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை.

இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, துணி சுற்றி, தஞ்சாவூர் பெரிய தபால் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர்களெல்லாம் பிள்ளைகளுக்கு ஊறுகாயும் பருப்புப் பொடியும் அனுப்ப வந்தவர்கள். என் முறை வந்ததும் ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண் பார்சலைத் திருப்பிப் பார்த்தாள்.

“யாருக்குங்கம்மா, மகளுக்கா?”

“இல்லைங்க. தெரிஞ்சவங்களுக்கு.”

பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “உள்ள என்ன இருக்கு? உடையிற சாமானா?”

பின்னால் வரிசை நின்றது.

“உடையாதுங்க” என்றேன்.